வைவா (பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு) வரை காத்திருக்க வேண்டாம்: டெல்டா ஆய்வாளர்கள் வேலைக்குத் தயாராவது எப்படி?

தீசிஸ், அதாவது பிஎச்.டி. ஆய்வேடு, கொடுக்கப்போகும் நாளிலிருந்து பின்னோக்கிப் பதினெட்டு மாதம் எண்ணுங்கள். வேலை தேடும் வேலையை அன்றே தொடங்க வேண்டும். நெல்லில் வயல் ஆய்வு செய்பவர்களுக்கு அதுவும் போதாது. சம்பா ஆண்டுக்கு ஒரு தடவைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோதனை வயல் மூழ்கினால் தீசிஸே ஒரு வருடம் தள்ளிப்போகும். முடிந்தால் மேட்டுப்பாங்கான இன்னொரு இடத்திலும் நடவு செய்துவிடுங்கள். அறுவடை முடியாமல் யாரிடமும் சேரும் தேதி சொல்லாதீர்கள்.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். இது சின்ன விஷயமில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செ. கவிதா', முதல் கட்டுரையில் 'கவிதா செல்வராஜ்', பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி என்று இருந்தால் மூன்றும் மூன்று ஆளாகிவிடும். கட்டுரைகளும் மேற்கோள்களும் தேடுதளங்களில் சிதறிப்போகும். குடும்பப்பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவுசெய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண் வாங்கி, எல்லாக் கட்டுரைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள். இலவசம்தான்.

அடுத்து, எந்தக் கதவு என்று பாருங்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.ஏ.ஆர்.) நிறுவனங்களில் விஞ்ஞானியாகத் தொடக்கநிலையில் சேர வேளாண் ஆராய்ச்சிப் பணிக்கான ஏ.ஆர்.எஸ். தேர்வு எழுத வேண்டும். பிஎச்.டி.க்குப் பிறகு ஆய்வைத் தொடர போஸ்ட்டாக் போகிறவர்களுக்குத் தேசிய முதுமுனைவர் ஃபெல்லோஷிப் இருக்கிறது: இரண்டு ஆண்டு, பொது வயது வரம்பு 35, தீசிஸ் கொடுத்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். கல்லூரி வேலை என்றால், 'கேர் லிஸ்டில் இருக்கிறது' என்று காசு கேட்கும் இதழ்களிடம் ஏமாறாதீர்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வைத்திருந்த அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டது.

கல்லூரிக்கு நீண்ட சி.வி., கம்பெனிக்கு ஒன்று அல்லது இரண்டு பக்க ரெஸ்யூமே. எட்டுப் பக்க சி.வி.யை அரிசி ஆலைக்காரரிடம் நீட்டினால் முதல் பக்கத்தோடு ஓரம் வைத்துவிடுவார். தீசிஸ் தலைப்பு அவருக்கு ஒன்றும் சொல்லாது. 'புழுங்கலில் ஊறும் வெப்பத்தின் விளைவு' என்பதை விட்டு, 'நான்கு நெல் ரகம், மூன்று வெப்பநிலை, ஒவ்வொன்றும் மூன்று முறை. குருணை எந்த வெப்பத்தில் குறைகிறது என்று கண்டேன்' என்று எழுதுங்கள். குருணை கூடினால் அவருக்கு நஷ்டம், அதனால் படிப்பார். எந்தக் கருவியை நீங்களே இயக்கினீர்கள், எதற்கு மாதிரியை மட்டும் அனுப்பினீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியே அதுதான்.

போஸ்ட்டாக் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மெயில் 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் நீங்கள் எடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலை, அதற்கு உங்கள் கையிலுள்ள திறமை, சேரக்கூடிய காலம் இருந்தால் போதும். ஒரே மெயிலை நாற்பது பேருக்கு அனுப்பினால், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று பெண் பேராசிரியருக்கும் போய்ச் சேரும்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் கைடு ஒருவரையே நம்பாதீர்கள். ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டியில் ஒருவர், கூட்டு ஆய்வில் வெளியாள் ஒருவர் வேண்டும். கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்பே கேட்டு, சி.வி.யையும் வேலை விளம்பரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். விடைத்தாள் திருத்தும் மாதத்தில் கேட்டால் இன்னும் இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுங்கள்.