படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு வீட்டிலும் ஒரு துணை

ஆசிரியர்களே, தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் ஒரு பிள்ளை இன்னும் ‘அரும்பு’ என்ற முதல் நிலையிலேயே இருந்தால், பெற்றோரைக் கூப்பிட்டு “வீட்டில் படிக்க வையுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எதை, எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து போன் வந்தாலே புகார்தான் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அதனால் முதல் பேச்சு நல்லதிலிருந்து தொடங்கட்டும்: “பாப்பாவுக்கு எழுத்தெல்லாம் தெரியுதும்மா. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும்போதுதான் குழம்புறா.”

அப்புறம் ஒரே ஒரு வேலை கொடுங்கள். தேன், மேளம், வேர், செடி, பெட்டி என்று ஐந்து சொற்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, பின்பக்கம் படம் வரைந்து கொடுத்துவிடுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை வாசிக்க, வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் படத்தைப் பார்த்து, சரியாகச் சொன்னாளா என்று கண்டுபிடித்துவிடுவார். ஐந்து நிமிடம் போதும். தடுமாறினால் திட்ட வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பகலில் வரச் சொல்வது நியாயமில்லை, அன்றைய சம்பளமே போய்விடும். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பேசுங்கள். பிள்ளை வாசிப்பதையும் அப்படியே பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் மறக்காமல் பதில் போடுங்கள். பதில் வராத வீட்டில் ரெண்டே நாளில் சீட்டு அலமாரிக்குப் போய்விடும்.