முதல் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு: வயரில் செய்யும் தவறுகளும் நிரலில் தேடும் தவறும்

மைக்ரோகண்ட்ரோலர் போர்டு (நாம் எழுதும் நிரலை ஓட்டி விளக்கு, மோட்டார், சென்சாரை இயக்கும் சின்னச் சிப் பலகை) கைக்கு வந்த முதல் நாளே ஒரு கேபிள் என்னை மூன்று மணி நேரம் அலைக்கழித்தது. போர்டைக் கணினியில் செருகியதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் நிரலை எழுதி ஏற்றும் அர்டுயினோ மென்பொருளில், போர்டு இணைந்திருக்கும் வழியைக் காட்டும் போர்ட் பட்டியல் காலி. (போர்டு வேறு, போர்ட் வேறு, தமிழில் எழுதினால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுகின்றன.) டிரைவரை (போர்டோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருள்) மாற்றினேன், மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன், கணினியை நான்கு தடவை அணைத்து எழுப்பினேன். கடைசியில் சலித்துப்போய் வேறொரு கேபிளைச் செருகினால், அடுத்த நொடி போர்ட் வந்து நிற்கிறது.

சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. சார்ஜ் செய்வதற்கென்றே வரும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், பேச்சுவார்த்தை நடக்காது. போனிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றப் பயன்படுத்திய கேபிள் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தரவு கடத்தும் என்று ஏற்கெனவே தெரியும்.

அதற்கப்புறம் எனக்கும், என்னிடம் கேட்டு வந்தவர்களுக்கும் வந்த சிக்கல்களை எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்த ரகம்தான். தவறு கேபிளிலோ, கிரவுண்டிலோ (சுற்றின் மைனஸ் பக்கம்), வோல்ட்டேஜிலோ இருக்கும். தேடுவது மட்டும் நிரலில் நடக்கும். திரையில் தெரிவது நிரல் என்பதால் கை அங்கேயே போகிறது.

நிரல் ஏற மறுக்கும்போது

கேபிள் சரி, ஆனாலும் போர்ட் தெரியவில்லை என்றால் டிரைவரைப் பாருங்கள். பல போர்டுகளில் யூஎஸ்பி இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிப் உட்கார்ந்திருக்கும். அதன் முதுகில் சிஎச்340 என்றோ சிபி2102 என்றோ எழுதியிருக்கும். அந்தப் பெயருக்கான டிரைவர்தான் வேண்டும். லினக்ஸில் போர்ட் தெரிந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், பல விநியோகங்களில் உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழைந்தால் தீரும்.

போர்ட் தெரிகிறது, நிரல் மட்டும் ஏறவில்லையா? மெனுவில் வேறு போர்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அர்டுயினோ நானோ போர்டில் இதற்குள் இன்னொரு வம்பு உண்டு. நம் நிரலை வாங்கி ஏற்றும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் போர்டிலேயே இருக்கும். பழைய பூட்லோடர் கணினியோடு 57600 வேகத்தில் பேசும், புதியது 115200-இல் பேசும். மலிவு நானோக்கள் பலவற்றில் இன்றும் பழையதுதான் இருக்கிறது. மெனுவில் 'ஓல்டு பூட்லோடர்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

அர்டுயினோ யூனோ, நானோ இரண்டிலும் 0, 1 என்ற பின்கள் (வயர் மாட்டும் முனைகள்) கணினியோடு பேசும் பாதை. அங்கே ஒரு சென்சாரையோ புளூடூத் மாட்யூலையோ மாட்டி வைத்துக்கொண்டு நிரலை ஏற்றினால் தகராறுதான். ஏற்றும்போது கழற்றுங்கள். முடிந்தால் அந்த இரண்டு பின்களையும் விட்டே வைத்துவிடுங்கள். வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு 'கனெக்டிங்' என்று புள்ளிகளை அடுக்கிக்கொண்டே போனால், போர்டில் இருக்கும் பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். எழுதத் தொடங்கியதும் விடலாம். ராஸ்பெரி பை பிக்கோ போர்டை முதல் தடவை செருகும்போது பூட்செல் பொத்தானை அழுத்தியபடியே செருக வேண்டும். பென்டிரைவ் மாதிரி கணினியில் தெரியும்.

வோல்ட்டேஜ்: போர்டைக் கொல்லும் தவறு

மேலே சொன்னவை நேரத்தைத்தான் தின்னும். இது போர்டையே தின்னும்.

யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப் 5 வோல்ட்டில் ஓடுகிறது. இஎஸ்பி32, ராஸ்பெரி பை பிக்கோ இரண்டுக்கும் 3.3 வோல்ட். 'யூஎஸ்பியில் வருவதே 5 வோல்ட்தானே, பின்னில் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?' என்ற கேள்வி நியாயமாகத்தான் படும். யூஎஸ்பியில் வரும் 5 வோல்ட்டைப் போர்டில் உள்ள ரெகுலேட்டர் 3.3 ஆகக் குறைத்துத்தான் சிப்புக்குக் கொடுக்கிறது. பின்களுக்கு அப்படி வாசல் காவல் கிடையாது. நீங்கள் கொடுப்பது நேராகச் சிப்புக்குள் போகும்.

நன்றாகத் தெரிந்த உதாரணம், தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார். அதன் வழக்கமான வகைக்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும். எக்கோ பின்னில் பதிலும் 5 வோல்ட்டிலேயே வரும். யூனோவில் அப்படியே மாட்டலாம். இஎஸ்பி32-இல் மாட்டினால் வாரக்கணக்கில் ஓடவும் செய்யலாம், ஒரு நாள் அந்தப் பின் செத்துப்போகவும் செய்யலாம். உடனே புகை வராததுதான் இதில் மோசம். சரியாகத்தான் மாட்டியிருக்கிறோம் என்று நம்பிவிடுவோம். தீர்வு இரண்டு ரெசிஸ்டர்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகப் பின்னுக்கு. அந்தப் பின்னிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு. 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட், பின்னுக்கு வந்து சேரும்.

எதிர்த் திசையில் பெரும்பாலும் பயமில்லை. 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா, 3 வோல்ட்டுக்கு மேல் வருவதை 'ஹை' என்று எடுத்துக்கொள்ளும். 3.3 அதை மயிரிழையில் தாண்டிவிடுகிறது.

பின் என்பது சுவிட்ச் பலகை அல்ல

நிரலில் 'ஹை' என்று எழுதினால் பின்னில் மின்சாரம் வருகிறது. அப்படியானால் மோட்டாரை அங்கேயே மாட்டிவிடலாமே? கூடாது. ஏடிமெகா328பி-யில் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பு 40 மில்லிஆம்ப். அது தாண்டக் கூடாத கோடு, தினமும் நடக்க வேண்டிய பாதை இல்லை. 20 மில்லிஆம்ப்புக்குள் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். சிப் முழுவதற்கும் சேர்த்து 200. ஒரு சின்ன டிசி மோட்டார் கிளம்பும் கணத்தில் இதையெல்லாம் சேர்த்தே தாண்டிவிடும்.

மோட்டாரோ, ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காயிலோ, எதுவானாலும் பின்னுக்கும் அதற்கும் இடையில் ஒரு டிரான்சிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ மோட்டார் டிரைவர் சிப்போ வேண்டும். கூடவே காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் அது எதிர்ப்பக்கமாக ஒரு பெரிய வோல்ட்டேஜ் குத்தைக் கிளப்பும். டயோடு இல்லாவிட்டால் அந்தக் குத்து டிரான்சிஸ்டரைத்தான் முதலில் பதம் பார்க்கும். ரெடிமேடாக வரும் ரிலே மாட்யூல்களில் இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கும் என்பதால் அவற்றை மாட்டிப் பழகியவர்கள், வெறும் ரிலேயை வாங்கியதும் அதே மாதிரி மாட்டி ஏமாறுகிறார்கள்.

எல்இடிக்கு ரெசிஸ்டர் போடாமல் விடுவதும் இதே தவறின் தம்பி. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் ஓடுவது 14 மில்லிஆம்ப்புக்கும் கீழே. 'நான் போடாமலே எரிந்ததே' என்பார்கள். எரியும்தான்.

கிரவுண்டும் சப்ளையும்

சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்துவிட்டு, சிக்னல் வயரை மட்டும் போர்டுக்கு இழுத்தால் சர்வோ பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும், இல்லையென்றால் அசையவே அசையாது. வோல்ட்டேஜ் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். போர்டின் கிரவுண்டும் பேட்டரியின் மைனஸும் சேராதவரை, போர்டு அனுப்பும் '5 வோல்ட்' எதிலிருந்து 5 என்று சர்வோவுக்குத் தெரிய வழியில்லை. இரண்டு கிரவுண்டையும் ஒரு வயரால் இணையுங்கள். பிளஸ்களை இணைக்க வேண்டாம்.

அதே சர்வோவைப் போர்டின் 5 வோல்ட் பின்னிலேயே மாட்டினால் வேறு கதை. அது ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் சப்ளை தாழ்ந்து, சிப் மயங்கி விழுந்து, மறுபடி எழுந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிரல் தொடங்கும்போது ஒரு முறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியில் 'தொடங்கியது' என்று ஒரு வரி அச்சிடச் செய்யுங்கள். போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் அந்த வரி திரும்பத் திரும்ப வந்தால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டிருக்கிறது, முதலில் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். இஎஸ்பி32 இந்த விஷயத்தில் நேர்மையானது. 'பிரவுன்அவுட்' (சப்ளை தாழ்ந்துவிட்டது) என்று தானே சொல்லிவிடும். வைஃபையில் அனுப்பும் கணங்களில் அது நிறைய இழுக்கும். அதனால்தான் தயாரிப்பாளரான எஸ்பிரெசிஃப், குறைந்தது 500 மில்லிஆம்ப் தரக்கூடிய சப்ளையைக் கேட்கிறது. பெட்டி மாதிரி இருக்கும் 9 வோல்ட் பேட்டரியில் மோட்டார் ஓட்ட நினைக்காதீர்கள், அது புகை எச்சரிக்கைக் கருவி மாதிரி கொஞ்சமாகக் குடிக்கும் பொருட்களுக்கானது.

யூனோ ஆர்3-இன் பவர் ஜாக்கில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் ரெகுலேட்டர் கொதிக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் புரியும். 12-இல் 5 போக மீதி 7 வோல்ட். போர்டு 200 மில்லிஆம்ப் எடுத்தால் 7 × 0.2 = 1.4 வாட் வெறும் சூடாகப் போகிறது, விரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பில். 7 முதல் 12 வோல்ட் வரை என்று அனுமதி இருந்தாலும், கீழ்ப்பக்கமாக இருப்பதே நல்லது.

பிரெட்போர்டு

பிரெட்போர்டு என்பது சால்டர் செய்யாமல் வயர்களைச் செருகும் துளைப் பலகை. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் அறுந்திருக்கும். அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிய சென்சாருக்கு மின்சாரமே போகாது. கோடு இடைவெளி விட்டிருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமிருந்தால் மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். தனியாக வரும் ஹெடர் பின்களைச் சால்டர் செய்யாமல் துளைகளில் வெறுமனே செருகிவிட்டு ஓட்டுவது இன்னொன்று. சாய்த்தால் வேலை செய்யும், நிமிர்த்தினால் நின்றுவிடும். அப்படிப்பட்ட ஒரு டிஸ்பிளேவை 'பழுது' என்று நான் திருப்பி அனுப்பியே விட்டேன். நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எல்லாப் பின்னும் ஒன்று இல்லை

இஎஸ்பி32 மாட்யூல்களில் 6 முதல் 11 வரையான பின்கள் உள்ளே ஃபிளாஷ் மெமரியோடு இணைந்தவை, தொடாதீர்கள். 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டும். அங்கே எல்இடி எரியாது, உள் புல்அப்பும் (பின்னை 'ஹை'யில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. 0, 12 போன்றவற்றைப் போர்டு கண்விழிக்கும் நேரத்தில் படித்துப் பார்க்கும். அந்த நேரத்தில் அவை தவறான நிலையில் இருந்தால் போர்டு எழுந்திருக்காது. வைஃபை ஓடும்போது ஏடிசி2 என்ற குழுவில் உள்ள பின்களில் அனலாக் அளவு எடுக்க முடியாது. இஎஸ்பி8266 சிப்போடு வரும் நோட்எம்சியூ போர்டில் டி1 என்று எழுதியிருப்பது சிப்பின் கணக்கில் 5, டி4 என்பது 2. நிரலில் வெறும் 1 என்று எழுதிவிட்டு விளக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. உங்கள் போர்டின் பின் வரைபடத்தை அச்செடுத்து மேசையில் ஒட்டிவிடுங்கள்.

பொத்தானை மாட்டியதும் தொடாமலேயே அழுத்தினது போல் காட்டுகிறதா? எதனோடும் சேராத உள்ளீட்டுப் பின் காற்றில் வரும் இரைச்சலையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பின்மோடில் 'இன்புட் புல்அப்' என்று கொடுத்து, பொத்தானின் மறுமுனையைக் கிரவுண்டில் மாட்டுங்கள். அழுத்தினால் 'லோ', விட்டால் 'ஹை' என்று தலைகீழாக இருக்கும், ஒரு நாளில் பழகிவிடும்.

சரி, இப்போது நிரல்

சீரியல் மானிட்டரில் கிறுக்கல் வந்தால் வேகம் பொருந்தவில்லை. நிரலில் 115200, திரையில் 9600 என்று இருக்கும். நிரலைக் காத்திருக்க வைக்கும் டிலே ஓடும்போது போர்டு பொத்தானையோ சென்சாரையோ கவனிக்காது. இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்ய வேண்டுமென்றால் போர்டு தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிநொடிகளைச் சொல்லும் மில்லிஸுக்கு மாறுங்கள். மாறும்போது அதன் மதிப்பை 'இன்ட்' என்ற முழு எண் வகையில் வைத்துவிடாதீர்கள். யூனோவில் இன்ட்டின் உச்சம் 32,767. ஆகவே அரை நிமிடம் ஒழுங்காக ஓடி, 33-ஆவது நொடியில் கணக்கு குழம்பும். அதே நிரல் இஎஸ்பி32-இல் அப்படிக் குழம்பாது, அங்கே இன்ட் பெரிது. 'அன்சைன்டு லாங்' போட்டு, இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால், சுமார் 49.7 நாளில் மில்லிஸ் சுழியத்துக்குத் திரும்பினாலும் கணக்கு கெடாது.

யூனோவில் ரேம் 2 கிலோபைட் மட்டும். 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடி திரைக்கு, முழுப் படத்தையும் நினைவில் வைத்து வரையும் நூலகத்தைப் போட்டால் 1,024 பைட், பாதி ரேம், அங்கேயே போய்விடும். மீதியில் நீள நீளமான செய்தி வரிகளை எழுதினால் திரை கறுப்பாகவே இருக்கும், எல்லோரும் திரையைச் சந்தேகிப்பார்கள்.

கடைசியாக ஈஈப்ராம். மின்சாரம் போனாலும் அழியாத இந்த நினைவகம் ஏடிமெகாவில் ஓரிடத்துக்கு 1,00,000 முறை எழுதத் தாங்கும். நிறையத்தான் என்று தோன்றும். ஒரு பைட் எழுத சுமார் 3.3 மில்லிநொடி ஆகிறது. நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் எந்தத் தடையும் இல்லாமல் ஒரே இடத்தில் எழுதவிட்டால், ஐந்தரை நிமிடத்தில் அந்த ஆயுள் முடிந்துவிடும். 'ரைட்'டுக்குப் பதில் 'அப்டேட்' போட்டால் மதிப்பு மாறியிருந்தால் மட்டுமே எழுதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் நாளைக்கு 144. ஒரே இடத்தில் எழுதினாலும் இரண்டு வருஷம் கிட்ட வரும்.