சைக்கிளுக்கு அகல ரயர் வாங்கப் போகிறீர்களா? முதலில் பழைய ரயரின் பக்கத்தைத் துடையுங்கள்

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய்ச் சைக்கிள் வாங்கியவர்களில் நானும் ஒருவன். கைமாறி வந்த பழைய மவுண்டன் பைக். யாரோ அதில் 32 மி.மீ. ஒல்லி ரயர் மாட்டியிருந்தார்கள். கொழும்பு மரைன் டிரைவில் பறக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் திரும்பியதும் குழாய்க்குத் தோண்டி மூடிய வெட்டு, வடிகால் மூடி, இன்டர்லொக் கல் என்று ஒவ்வொன்றும் மணிக்கட்டில் வந்து இடிக்கும். இப்போது ஓடுவது 50 மி.மீ. ரயரில். பாதை அதேதான், இடி மட்டும் இல்லை.

இடையில் ஒரு தவறு செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. இஞ்சிக் கணக்கை (அங்குலம்) மறந்து மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள்

கடையில் போய் "26 ரயர் ஒன்று தாங்கோ" என்றேன். தந்தார்கள். வீட்டில் வந்து மாட்டினால், றிம்மில் தொளதொளவென்று தொங்கியது. உறையைக் கிழித்துவிட்டதால் திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றார்கள். நான் வாங்கி வந்தது 26×1⅜. என் சில்லுக்கு வேண்டியது 26×1.95. இரண்டுமே '26'தான். ஆனால் ரயர் உட்காரும் இடத்தில் றிம்மின் விட்டம் முதலாவதற்கு 590 மி.மீ., இரண்டாவதற்கு 559 மி.மீ.

ஈரத்துணியால் பழைய ரயரின் பக்கச் சுவரைத் துடைத்தால் 50-559 என்பது போல ஓர் எண் தெரியும். முன்னால் இருப்பது ரயரின் அகலம், பின்னால் இருப்பது றிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். பின்னால் இருக்கும் எண் அப்படியே பொருந்த வேண்டும், ஒரு மில்லிமீற்றர்கூட விட்டுக்கொடுக்க முடியாது. அகலத்தை மட்டும் மாற்றலாம்.

நம் ஊரில் அதிகம் காண்பவை இவை: மவுண்டன் பைக் 26 என்றால் 559, 27.5 என்றால் 584. '29' என்பதும் '700சி' என்பதும் ஒரே 622தான், பெயர்தான் வேறு. அப்பாமார் ஓடிய பெரிய சைக்கிளின் 28×1½ என்றால் 635. மடக்குச் சைக்கிளின் 20 பெரும்பாலும் 406. அந்த எண்ணைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு டாம் வீதிச் சைக்கிள் கடைகள் பக்கம் போங்கள்.

2. இடம் இருக்கிறதா?

இதைத்தான் பலர் அளப்பதில்லை. மூன்று இடங்களைப் பாருங்கள்: முன் ஃபோர்க்கின் உள்பக்கம், பெடலுக்குப் பின்னால் பின் சில்லு நுழையும் இரண்டு குழாய்களுக்கு நடுவே, பிரேக் பூட்டியிருக்கும் குறுக்குப் பாலத்துக்குக் கீழே. புது ரயர் மாட்டிய பிறகும் இரு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். அளவுகோல் நுழையாத இடத்தில் 6 மி.மீ. அலன் சாவியை (அறுகோணச் சாவி) விட்டுப் பார்க்கலாம்.

கணக்கு இப்படி: அகலம் 10 மி.மீ. கூடினால் பக்கத்துக்கு 5 மி.மீ. போகும். ஆனால் உயரத்தில் ஏறத்தாழ முழு 10 மி.மீ.யும் போய்விடும். அகலம் சரியாக இருந்தும் மட்காட்டில் உரசுவது இதனால்தான். கொழும்பு மழையில் மட்காட்டைக் கழற்றுவதைவிட ரயரில் ஓர் அளவு குறைப்பது நல்லது என்பேன்.

றிம்மையும் பாருங்கள். உள் அகலம் 19 மி.மீ. அளவில் இருந்தால் 35 முதல் 50 வரை தாங்கும். றேஸ் சைக்கிளின் 15 மி.மீ. றிம்மில் 32க்கு மேல் போகவேண்டாம், வளைவில் ரயர் நெளியும்.

3. சில்லையே மாற்றலாமா?

பெரிய சில்லு குழியில் குறைவாக இறங்கும், சின்னது அப்படியே விழும். மாடிவீட்டு லிஃப்டுக்காக 20 இஞ்சிச் சைக்கிள் வாங்குகிறவர்கள் அந்தச் சைக்கிளில் நுழையும் மிக அகலமான ரயரையே போடுங்கள்.

700சி சைக்கிளில் இடம் போதாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 622 றிம்மில் 28 மி.மீ. ரயர் போட்டால் மொத்த விட்டம் 678 மி.மீ. 584 றிம்மில் 47 போட்டாலும் அதே 678தான். சைக்கிளின் உயரம் மாறாது, காற்று மட்டும் கூடும். பக்கத்து இடைவெளியை இதற்கும் அளக்க வேண்டும். டிஸ்க் பிரேக் இருந்தால்தான் இது இலகு. றிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் கட்டை றிம்முக்கு எட்டாது.

4. ரயரின் பூ (தரையைத் தொடும் வடிவம்)

மண்பாதைக்கான பெரிய முட்டுப்பூ தாரில் 'ர்ர்ர்' என்று இரையும், காலும் களைக்கும். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் சிறு பூவாகவும் உள்ளது போதும். பக்கச் சுவரை விரலால் அமுக்கிப் பாருங்கள், மரக்கட்டை மாதிரி இருந்தால் எத்தனை அகலமானாலும் சுகம் வராது.

5. காற்று

அகல ரயர் போட்டுவிட்டுக் கல்லு மாதிரிக் காற்றடித்தால் காசு வீண். சுகம் வருவது குறைந்த அழுத்தத்தால். ரயரில் போட்டிருக்கும் உச்ச அளவு எல்லை மட்டுமே, அடிக்க வேண்டிய அளவு அல்ல. ஆனால் சைக்கிள் திருத்தும் பாஸ்மார் பெருவிரலால் அமுக்கி "இன்னும் கொஞ்சம்" என்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

70 கிலோ ஆளுக்கு 38 மி.மீ. ரயரில் 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவிலும், 50 மி.மீ. ரயரில் 35 அளவிலும் தொடங்கலாம். பாரம் பின்னால் கூட என்பதால் முன் சில்லில் மூன்று நான்கு குறையுங்கள். அப்புறம் உங்கள் ஒழுங்கையிலேயே ஓடிப் பார்த்து, ஒவ்வொரு நாளும் 2 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டு போங்கள். குழியில் றிம் 'டக்' என்று இடித்தால் ஐந்து கூட்டிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் ரியூப்பில் பாம்பு கடித்த மாதிரிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், இரண்டுக்கும் ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.