ஊசி போடும் முன் கொஞ்சம் கவனியுங்கள்

தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் போனை நோண்டாமல் சுவரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சின்ன கிளினிக்காக இருந்தாலும் பதிவுச் சான்றிதழ் வேண்டும். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

அதைவிட முக்கியம் ஊசி. சிரிஞ்ச் உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். போட்டு முடித்ததும் மூடியை மறுபடி செருகாமல், ஊசியை வெட்டி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவிலும் சிரிஞ்சைச் சிவப்புப் பையிலும் போட வேண்டும். டீ கப்போடு ஊசியும் ஒரே தொட்டியில் கிடந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

குழந்தைக்குத் தடுப்பூசியா? ஃப்ரிட்ஜைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனாலும் பல தடுப்பூசிகள் வீண்தான். ஓரிடத்தில் தடுப்பூசிக் குப்பிகள் கதவுத் தட்டில் நின்றன, உள்ளே யாருடைய தயிர்சாத டப்பாவோ! சாதத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அதற்காகக் கதவைத் திறந்து திறந்து மூடினால் குளிர் எங்கே நிற்கும்? அப்புறம், கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்றும் கேட்டுவிடுங்கள்.