தோற்றால் ஒரு துணி: பெரியவர்கள் ஆட்டத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் துணியைப் பந்தயம் வைக்கும் ஆட்டம் புதிதில்லை. தருமன் நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னையே வைத்துத் தோற்றான், அப்புறம் மனைவியை வைத்தான். "தன்னைத் தோற்ற பிறகு என்னை வைக்க அவருக்கு என்ன உரிமை?" என்று திரௌபதி கேட்டபோது பீஷ்மரே மழுப்பினார்.

நண்பர்கள் கூடி 'தோற்றால் ஒன்றைக் கழற்ற வேண்டும்' என்று ஆட்டம் அமைக்கும்போது முதலில் செய்கிற தவறும் இதுதான்: அடுத்தவரைப் பந்தயம் வைப்பது. ஜோடிகள் ஆடும்போது 'ஒருவர் தோற்றால் இருவருக்கும் தண்டனை' என்று ஒரு விதி சும்மா வேடிக்கையாக நுழைந்துவிடும். கணவர் சீட்டை உளறி ஆடுவார், மனைவி துப்பட்டாவை எடுக்க வேண்டும். அந்த விதியே வேண்டாம். அவரவர் தோல்வி அவரவர் கணக்கில். இன்னொன்று, ஆட்டம் என்னவென்று சொல்லாமல் 'வாங்க, தாயம் ஆடலாம்' என்று கூப்பிட்டு, வந்து உட்கார்ந்த பிறகு விதியைச் சொல்வது. எட்டுப் பேர் பார்க்கும்போது சொல்லும் சரி, சரியாகாது. முன்தினமே தனித்தனியாகக் கேளுங்கள். அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவரைக் கேட்கவே கேட்காதீர்கள், அவரால் 'முடியாது' என்று சொல்ல முடியாது.

அடுத்தது உடுப்புக் கணக்கு. எங்கள் வட்டத்தில் எல்லோரும் முப்பது தாண்டியவர்கள். முதல் ஆட்டத்தை மார்கழியில் ஏலகிரியில் வாடகைக்கு எடுத்த வீட்டில் போட்டோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் குளிர் என்று ஒருவர் ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா, காலுறை சகிதம் உட்கார்ந்தார். இன்னொருவர் லுங்கியும் பனியனும். மூன்றாவது சுற்றில் லுங்கிக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது, குல்லாக்காரர் இன்னும் குல்லாவைக்கூட இழக்கவில்லை. புடவைக்கு எத்தனை, சுடிதாருக்கு எத்தனை என்று அங்கேயே பஞ்சாயத்து வேறு. அதற்குப் பிறகு கண்டுபிடித்த வழி: ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை, ஒரு கொட்டைக்கு ஓர் உருப்படி. எந்த ஐந்து உருப்படி என்பதை ஆட்டத்துக்கு முன் அவரவரே முடிவு செய்வார்கள். கைக்கடிகாரம், வளையல், தலைப்பாகைத் துண்டு எல்லாம் சேரும். தாலி, மெட்டி, பூணூல், அரைஞாண் கயிறு கணக்கில் வராது (அரைஞாணைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி வாதாடிய ஒரு வக்கீல் நண்பர் எனக்கு உண்டு). ஐந்தும் போன பிறகும் உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதைத்தான் எல்லை என்கிறோம். எல்லைக்கு விளக்கம் கேட்பது கெட்ட பழக்கம்.

திறமையை வைத்துத் தண்டனை கொடுப்பதும் தவறு. பாட்டுக்குப் பாட்டு வைத்தால் பழைய பாட்டு தெரிந்தவரே ஜெயிப்பார், ரம்மி வைத்தால் தினமும் ஆடுகிறவர். இரண்டே பேர் மாறி மாறித் தோற்கும்போது விளையாட்டு வதையாகிவிடும். அதிர்ஷ்டம் ஓங்கியிருக்கட்டும். எனக்குப் பிடித்தது பித்தளைத் தாயக்கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம், இரண்டு கட்டையும் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுவது, இரண்டு விதம், எட்டுக்கு ஒன்று. இரண்டுமே வெறுமையாக விழுகிற பன்னிரண்டு பதினாறுக்கு ஒன்று. தாயம் விழுந்தால் ஒரு கொட்டை போகும், பன்னிரண்டு விழுந்தால் ஒன்று திரும்பி வரும். வழக்கமாகத் தாயம் விழாதா என்று ஏங்குகிறவர்கள் இங்கே விழக்கூடாது என்று சாமியை வேண்டுவார்கள், பாதிச் சிரிப்பு அதிலேயே வந்துவிடும். திரும்பி வரும் வழி இல்லாமல் ஆட்டம் அமைத்தால், முதலில் தோற்றவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கழற்ற மனமில்லாதவருக்கு மாற்றுத் தண்டனை கட்டாயம் இருக்க வேண்டும். அதைக் கழற்றுவதைவிடக் கேவலமாக வைப்பது பலரும் செய்யும் தவறு. அது மாற்று இல்லை, மிரட்டல். கூத்தில் வரும் கோமாளி கட்டியங்காரன் மாதிரி இரண்டு அடி ஆடிக் காட்டு, எல்லோருக்கும் டீ போடு, போதும். ஒருவர் 'போதும்' என்றால் அங்கேயே நிற்க வேண்டும், 'இன்னும் ஒரே சுற்று' என்று கெஞ்சக்கூடாது.

குடித்துவிட்டு ஆடாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பு சொன்ன எல்லை யாருக்கும் நினைவிருக்காது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், பக்கத்து அறையில் தூங்கினாலும், அன்று ஆட்டம் கிடையாது. வேலூர் வெயிலுக்குக் காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். எதிர் மாடியிலும் அதே காற்று வாங்கிக்கொண்டு ஒரு குடும்பம் படுத்திருக்கும்.

போன் விஷயத்தில் நட்பு, நம்பிக்கை எதையும் பார்க்க வேண்டாம். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியில்லாமல் படம் பிடித்தாலோ அனுப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இன்னும் தெளிவு: படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை என்றால் அனுப்புவது குற்றம். எங்கள் வீட்டில் எல்லாப் போனும் அணைக்கப்பட்டு இட்லி குண்டானுக்குள் போகும்.

அப்புறம், ஆம்பூர் பிரியாணி சொல்வதாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே வரவழைத்துவிடுங்கள். ஒரு முறை நடுவில் மணி அடித்தது. மூன்று கொட்டை இழந்த நண்பர் பழக்க தோஷத்தில் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். பொட்டலத்தைக் கொடுத்த பையன் கூரையைப் பார்த்தபடியே, "கத்திரிக்காய் தனியா இருக்குண்ணா" என்றான்.