பிரெஃப் பங்கு வாங்குமுன் நான்கு சொற்களைப் படியுங்கள்

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் என் மனைவியின் பெரியம்மா வீட்டுக்குப் போனால் முதலில் டீ வரும், அப்புறம் ஒரு பிஸ்கட் டின் வரும். டின்னுக்குள் பிஸ்கட் இருக்காது, காகிதங்கள்தான் இருக்கும். போன தடவை அதிலிருந்து இரண்டு டிவிடெண்ட் சீட்டுகளை (டிவிடெண்ட் என்றால் நிறுவனம் பங்குக்காரருக்குத் தரும் லாபப் பங்கு) எடுத்துச் சமையல் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் கையில் வந்த தொகை 3,760 ரேண்ட், மற்றதில் 3,360 ரேண்ட். "அதே ஆயிரம் ஷேர்தான் மாப்பிள்ளை, ஒண்ணுகூட விக்கல. நானூறு ரேண்ட் எங்க போச்சு?"

தையல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்தவர் அவர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு வங்கியின் பிரெஃப் பங்கில் போட்டிருந்தார். பிரெஃப் என்றால் ப்ரெஃபரன்ஸ் ஷேர், முன்னுரிமைப் பங்கு. வாங்கிக் கொடுத்தவர் "வட்டி மாதிரி வந்துகொண்டே இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த "மாதிரி" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நம் ஆட்கள் பலர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால் ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த நானூறு ரேண்ட். ஜோகன்னஸ்பர்க் சந்தையில் பட்டியலான வங்கி பிரெஃப்களில் பெரும்பாலும் டிவிடெண்ட் நிலையான தொகை கிடையாது, பிரைம் வட்டி விகிதத்தில் (வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் விகிதம்) இத்தனை சதவீதம் என்றுதான் எழுதியிருப்பார்கள். பெரியம்மாவின் பங்கு 100 ரேண்ட் வெளியீட்டு மதிப்புடையது, பிரைமில் 80 சதவீதம் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன்). 2024-இன் முதல் பாதியில் பிரைம் 11.75 சதவீதம். அதில் 80 சதவீதம் 9.40, அரை வருஷத்துக்கு 4.70 ரேண்ட், ஆயிரம் பங்குக்கு 4,700. டிவிடெண்ட் வரி 20 சதவீதம் பிடித்தால் 3,760. அப்புறம் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தது, பிரைம் 10.5 பக்கம் இறங்கியபோது அதே கணக்கு 4,200 ஆகி, வரி போக 3,360. யாரும் ஏமாற்றவில்லை, வங்கிக்கும் நஷ்டம் இல்லை. பிரைம் இறங்கியது, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான காலமும் நினைவிருக்கும். கொரோனா வருஷமான 2020 ஜூலையில் பிரைம் 7 சதவீதத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் இதே ஆயிரம் பங்குக்கு வரிக்கு முன் வருஷம் 5,600 ரேண்ட்தான், 2023 மே மாதத்துக்கு அப்புறம் அதுவே 9,400. மளிகை விலையும் மின்சாரக் கட்டணமும் அப்படி இறங்கி ஏறுவதில்லையே. அதனால் பிரெஃபை மட்டும் நம்பி வீட்டு பட்ஜெட் போடும்போது பிரைம் 7 ஆனால் என்ன வரும் என்ற தொகையை வைத்துப் போடுங்கள். அந்தத் தொகையில் குடும்பம் ஓடும் என்றால் வாங்கலாம்.

சரி, வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்? பங்கின் முழுப் பெயரையே பாருங்கள். நீளமாக, சலிப்பு தரும் பெயராக இருக்கும், ஆனால் அதிலுள்ள நான்கு சொற்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கியூமுலேட்டிவ் என்பது முதல் சொல். ஒரு தடவை டிவிடெண்ட் தராமல் விட்டால் அது பாக்கியாக நின்று, பின்னால் சேர்த்துக் கொடுக்க வேண்டியது கியூமுலேட்டிவ். நான்-கியூமுலேட்டிவ் என்றால் போனது போனதுதான், கேட்க முடியாது. நம் வங்கி பிரெஃப்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. இதில் ஒரு தடுப்பு உண்டு: பிரெஃப்காரர்களுக்குக் கொடுக்காமல் சாதாரணப் பங்குக்காரர்களுக்கு டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். அதனால் நன்றாக ஓடும் வங்கி சும்மா நிறுத்திவிடாது. ஆனால் நன்றாக ஓடாத வங்கிக்கு அந்தத் தடுப்பு ஒன்றும் செய்யாது. 2014 ஆகஸ்ட் 10 அன்று ஆஃப்ரிக்கன் பேங்க் என்ற வங்கி, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வைக்குப் போனது, அதன் தாய் நிறுவனத்தின் சாதாரணப் பங்கு, பிரெஃப் பங்கு இரண்டின் வர்த்தகமும் நின்றது. முன்னுரிமை என்ற சொல்லை நம்பி வைத்திருந்தவர்களும் அந்த வாரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்தது ரிடீமபிள். குறிப்பிட்ட தேதியில் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருமா, தராதா? நான்-ரிடீமபிள் என்றால் முதிர்வுத் தேதியே கிடையாது. உங்களுக்குப் பணம் வேண்டுமென்றால் சந்தையில் யாராவது வாங்க வேண்டும், அவர் சொல்லும் விலைதான் விலை. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. அவர் அதை ஃபிக்ஸட் டெபாசிட் என்றே நினைத்திருந்தார்.

பார்டிசிபேட்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நிறுவனம் கூடுதல் லாபம் பார்த்தால் அதிலும் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி, நம் பிரெஃப்களில் பெரும்பாலும் இல்லை. நான்காவது கன்வெர்டிபிள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு நிறுவனம் கவிழ்ந்தால் பணம் எந்த வரிசையில் போகும் என்பதைக் கோயில் அன்னதான வரிசை மாதிரி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் டிபெஞ்சர் என்ற கடன்பத்திரம் வைத்திருப்பவர்கள் மாதிரி அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், அதற்கும் பின்னால் பிரெஃப், கடைசியில் சாதாரணப் பங்கு. பெரிய அண்டாவாக இருந்தாலும் பிரெஃப்காரர் வரும்போது அடியில் என்ன மிச்சம் என்பதுதான் பேச்சு. 2024 ஏப்ரல் முதல் வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,00,000 ரேண்ட் வரை காப்பீடு வந்திருக்கிறது. அது டெபாசிட்டுக்கு மட்டும், அதே வங்கியின் பிரெஃபுக்கு இல்லை.

அடுத்து வரி, இங்கேதான் நிறையப் பேர் தேவையில்லாமல் பிரெஃபுக்கு ஓடுகிறார்கள். டிவிடெண்ட் வரி 2012 ஏப்ரலில் 15 சதவீதமாக வந்தது, 2017 பிப்ரவரி 22 முதல் 20 சதவீதம். நீங்கள் கோடீஸ்வரராக இருந்தாலும் ஓய்வூதியக்காரராக இருந்தாலும் அதே 20. வட்டிக்கு அப்படி இல்லை. பல வருஷங்களாக, 65 வயதுக்குக் கீழே இருந்தால் முதல் 23,800 ரேண்ட் வட்டிக்கு வரி கிடையாது, 65 ஆகிவிட்டால் 34,500 வரை கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 சதவீத வட்டியில் 34,500 ரேண்ட் வர வேண்டுமென்றால் சுமார் 4,31,000 ரேண்ட் டெபாசிட் வேண்டும். அதுவரை ஒரு சென்ட் வரி இல்லாமல் வட்டி வாங்கும் உரிமை பெரியம்மாவுக்கு இருக்கும்போது, அவரை 20 சதவீதம் வரி பிடிக்கும் பங்குக்குள் தள்ளியது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. அவர் முதலில் பார்த்திருக்க வேண்டியது டெபாசிட்டும், அரசாங்கத்தின் ரீடெயில் சேவிங்ஸ் பாண்டும்தான். இந்தப் பாண்டை 1,000 ரேண்டிலிருந்தே வாங்கலாம். இரண்டு, மூன்று, ஐந்து வருஷ நிலை வட்டியில் உண்டு, பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும் வகையும் உண்டு.

வேலையில் இருந்துகொண்டு 41 சதவீத வரிப்படியில் நிற்பவர் கதை வேறு. வட்டி விலக்கை ஏற்கெனவே நிரப்பிவிட்டார் என்றால் அவருக்கு 9 சதவீத வட்டி வரி போக 5.31 ஆகிவிடும், ஆனால் 8.2 சதவீத டிவிடெண்ட் வரி போக 6.56 கையில் நிற்கும். பிரெஃப் அவருக்குப் பொருந்தும்.

வாங்கும்போது விலையைச் சென்ட்டில் காட்டுவார்கள், 9000 என்று பார்த்தால் 90 ரேண்ட். பயந்துவிடாதீர்கள். 90 ரேண்டுக்கு வாங்கி வருஷத்துக்கு 8.20 வந்தால் உங்கள் வருமான விகிதம் 9.1 சதவீதம், வரி போக 7.3. தரகர் கமிஷனோடு 0.25 சதவீதம் பங்கு மாற்று வரியும் சேரும். 90,000 ரேண்டுக்கு வாங்கினால் 225.

இந்தச் சந்தையில் வாங்குபவர், விற்பவர் இருவரும் குறைவு. சில நாள் ஒரு பங்குகூடக் கைமாறாது. என் முதல் வாங்கலில் இதை நான் கவனிக்கவில்லை. கடைசியாக நடந்த விலை 8800 என்று திரையில் இருந்தது, "சந்தை விலைக்கு வாங்கு" என்று 300 பங்குக்கு அழுத்திவிட்டேன். அன்றைக்கு விற்க நின்றவர் கேட்ட விலை 9150. ஆயிரத்து ஐம்பது ரேண்ட் கூடுதலாகப் போனது, கிட்டத்தட்ட அந்த அரையாண்டின் டிவிடெண்ட் முழுதுமே. அன்றிலிருந்து நான் எப்போதும் லிமிட் விலை (இதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்ற விலை) போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், இரண்டு வாரம் ஆனாலும் சரி. இன்னொன்று, டிவிடெண்டுக்கு முந்தைய நாள் அவசரமாக வாங்குவதில் லாபம் இல்லை. வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை வரை வாங்கியவருக்கு டிவிடெண்ட் உண்டு, புதன்கிழமை முதல் விலையிலிருந்து அது கழிந்துவிடும், வெள்ளி பதிவு நாள், அடுத்த திங்கள் பணம். வாங்கி வந்த டிவிடெண்டுக்கு வரியும் கட்டியிருப்பீர்கள்.

தேர்ந்தெடுக்கக் கிடைப்பதும் வருஷா வருஷம் சுருங்கி வருகிறது. வங்கிகளின் மூலதனத்துக்கான சர்வதேச பாசல் 3 விதிகள் வந்தபிறகு, 2013 தொடங்கிப் பத்து வருஷத்தில் இந்தப் பழைய வகை பிரெஃப்கள் வங்கியின் மூலதனக் கணக்கிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டன. கணக்கில் சேராததை வங்கி ஏன் வைத்திருக்கும்? ஃபர்ஸ்ட்ராண்ட் வங்கிக் குழுமம் 2022-இல் தன் பிரெஃப்களைத் திரும்ப வாங்கிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. திரும்ப வாங்கும் விலை வெளியீட்டு மதிப்பான 100 ரேண்டை ஒட்டியிருந்தால், 80 ரேண்டுக்கு வாங்கி வைத்தவருக்கு நல்ல செய்தி. வெளியீட்டு மதிப்புக்கு மேல் கொடுத்து வாங்கியவருக்கு அப்படி இல்லை. அதனால் வெளியீட்டு மதிப்புக்கு மேல் விலை போகும் பிரெஃபை வருமானத்துக்காக வாங்குவதை நான் தவிர்க்கிறேன்.

இப்போது கன்வெர்டிபிள் டிபெஞ்சர். டிபெஞ்சர் என்றால் நிறுவனத்துக்கு நீங்கள் கொடுக்கும் கடன், கன்வெர்டிபிள் என்றால் அந்தக் கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு. 1,000 ரேண்ட் பத்திரம், 7 சதவீத வட்டி, 20 பங்காக மாற்றலாம் என்று இருந்தால் மாற்று விலை பங்குக்கு 50 ரேண்ட். பங்கு 65-க்குப் போனால் மாற்றினால் 1,300. 38-இலேயே கிடந்தால் மாற்றாமல் வட்டியை வாங்கிக்கொண்டு முதிர்வில் 1,000 வாங்கலாம், அதுவரை நிறுவனம் நின்றால். இந்த வாய்ப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்னவென்றால், சாதாரணக் கடன்பத்திரத்தைவிடக் குறைந்த வட்டி. மாற்றுவது யார் கையில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். உங்கள் கையில் இருந்தால் அது வாய்ப்பு. தேதி வந்தால் தானாக மாறிவிடும் என்றோ நிறுவனம் விரும்பினால் மாற்றும் என்றோ இருந்தால், பங்கு விலை விழுந்த நாளில் உங்கள் கடன் பங்காகிவிடும்.

இங்கே நல்ல கன்வெர்டிபிள்கள் நம் கைக்கு எட்டுவது அரிது. சாசோல் நிறுவனம் 2022 நவம்பரில் 750 மில்லியன் டாலருக்கு 4.5 சதவீதத்தில், 2027-இல் முதிரும்படி வெளியிட்டது, அது பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்குப் போனது. டிபெஞ்சர் என்ற சொல் நம் மூத்தவர்களுக்குப் பழகியதற்குக் காரணம் பழைய சொத்து நிறுவனங்கள். ஒரு பங்கும் ஒரு டிபெஞ்சரும் ஒட்டிய லிங்க்ட் யூனிட்டாக விற்றார்கள், வாடகை வருமானம் வட்டியாக வந்தது. 2013 ஏப்ரலில் ரீட் (சொத்து முதலீட்டு நிறுவனங்கள்) சட்டம் வந்தபின் அந்த அமைப்பு போய்விட்டது. ஆகவே இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து "மாதம் ஒன்றரை சதவீதம், கன்வெர்டிபிள் டிபெஞ்சர்" என்று யாராவது காகிதம் நீட்டினால், அது பட்டியலில் இல்லாத, விற்க இடமில்லாத காகிதமாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. 2010-இல் கவிழ்ந்த ஷேர்மேக்ஸ் என்ற சொத்து முதலீட்டுத் திட்டத்தில் ஓய்வூதியக்காரர்கள் எத்தனையோ பேர் சேமிப்பைப் போட்டிருந்தார்கள். 2012-இல் நீதிமன்றம் ஏற்ற திட்டப்படி அவர்களுக்கு நோவா நிறுவனத்தின் டிபெஞ்சர்கள் மாற்றாகக் கொடுக்கப்பட்டன, பலருக்கு அந்தப் பணம் முழுதாக வந்து சேரவேயில்லை. கோயில் நண்பர் அறிமுகப்படுத்தினார் என்பதற்காக கையெழுத்துப் போடாதீர்கள். விற்பவரின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏ அமைப்பின் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள், எந்த வகைப் பொருளை விற்க உரிமம் என்பதையும் பாருங்கள். எண் கொடுக்கத் தயங்கினால் டீயோடு அனுப்பிவிடுங்கள்.

பெரியம்மா விஷயத்தில் நாங்கள் செய்தது இது. ஆயிரம் பங்கையும் ஒரே நாளில் விற்க முயன்றால் விலை விழும் என்பதால் நூறு நூறாக லிமிட் விலையில் விற்றோம், மூன்று மாதம் ஆனது. அறுநூறு பங்கு விற்ற பணம் ரீடெயில் பாண்டுக்குப் போனது. மீதி நானூறை அவர் விற்க விடவில்லை. "அது இருக்கட்டும், தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க" என்றார். டிவிடெண்ட் குறைந்தாலும் அரிசி, பருப்பு நிற்காது என்பதால் நானும் சரி என்றேன். பிஸ்கட் டின்னில் இப்போது ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறது, பிரைம் மாறும்போதெல்லாம் அதில் பழைய எண்ணை அடித்துப் புதியதை அவரே எழுதிக்கொள்கிறார்.