கடிதம் போன பிறகு திரும்பக் கோல் வருகிறதா? இந்தத் தவறுகளைக் கவனியுங்கள்

யாழ்ப்பாணத்தில் தொழில் செய்கிறவர்களுக்குப் பேச்சு நன்றாகவே வரும். நேரில் நின்று கதைத்தால் அலுவல் முடிந்துவிடும். ஆனால் இப்போது சாமான் வாங்குகிறவர் புறக்கோட்டையிலோ டொரண்டோவிலோ இருக்கிறார், உங்கள் முகத்தையோ கடையையோ அவர் பார்க்கப்போவதில்லை, நீங்கள் எழுதி அனுப்பியது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு "நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?" என்று அவர் கோல் எடுக்க வேண்டி வந்தால் அந்த எழுத்து வேலை செய்யவில்லை. ஒரு தொழில் கடிதத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

அதிகம் கண்ணில் படும் தவறு, கேட்க வந்ததைக் கடைசியில் வைப்பது. "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் அறியத் தருவது யாதெனில்" என்று தொடங்கி, தொழில் ஆரம்பித்த கதை, கோவிட் கால நட்டம், பொருளாதார நெருக்கடி எல்லாம் சொல்லி, இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்போம். வங்கி முகாமையாளருக்கு அன்று வந்த கடிதங்களில் உங்களுடையதும் ஒன்று. முதல் இரண்டு வரியில் கடன் இலக்கம், எத்தனை தவணை, எந்த மாதத்திலிருந்து கட்டுவீர்கள் என்பது வந்துவிட வேண்டும். காரணம் பிறகு வரட்டும், அதுவும் சுருக்கமாக. மரியாதை குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், "மதிப்புக்குரிய ஐயா" என்ற விளிப்பே போதுமான மரியாதைதான்.

வாட்ஸ்அப்பிலும் இதே கதை. "அண்ணை, அந்தச் சாமான் இன்னும் வரேல்லை, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று அனுப்பினால், எந்தச் சாமான், எப்போது சொன்னது என்று அவர் பழைய மெசேஜ்களைத் தேட வேண்டும், தேடமாட்டார். "அண்ணை வணக்கம். 12ஆம் திகதி ஓடர் பண்ணின 500 போத்தலில் 300தான் வந்தது. மிச்சம் 200ஐயும் வியாழக்கிழமை லொறியில் ஏத்திவிடுங்கோ, சனிக்கிழமை பக்கிங் தொடங்க வேணும்" என்று எழுதிப் பாருங்கள். அண்ணையும் இருக்கிறார், கணக்கும் இருக்கிறது. விலையையும் திகதியையும் வொய்ஸ் மெசேஜில் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள், பிறகு ஒரு பிரச்சினை வந்தால் தேடி எடுப்பது பெரும் பாடு.

அடுத்தது அளவுகள். பணம் உண்மையில் இங்கேதான் போகிறது. நாங்கள் வெங்காயத்தை அந்தரில் கதைப்போம். பழைய கணக்கில் ஓர் அந்தர் 112 இறாத்தல், ஏறத்தாழ 50.8 கிலோ. 50 கிலோ என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. 100 அந்தர் என்றால் 80 கிலோ வித்தியாசம் வந்துவிடும், ஆகவே எழுத்தில் கிலோவைப் போடுங்கள். காணி விடயமும் அப்படித்தான்: பரப்பு என்றால் கொழும்பில் பலருக்கு விளங்காது, பக்கத்தில் பேர்ச் கணக்கையும் எழுதுங்கள் (ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர்). கனடாவுக்கு விலை அனுப்பும்போது வெறுமனே டொலர் என்று எழுதினால் அது கனேடிய டொலரா அமெரிக்க டொலரா என்ற கேள்வி வரும். 03/04/2026 என்பது எங்களுக்கு ஏப்ரல் 3, அமெரிக்கர் ஒருவருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை. அதோடு, வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள நிறுவனம் என்றால், சொன்ன விலை வற் உட்படவா, தவிர்த்தா என்பதைக் கொட்டேசனிலேயே போட்டுவிடுங்கள். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம், 5 லட்சம் ரூபாய் வேலையில் 90,000 ரூபாய், சும்மா விடக்கூடிய தொகை இல்லை.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்துக்கும் மாநகர சபைக்கும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைப் பார்க்க உண்மையிலேயே கவலையாக இருக்கும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியே தமிழ்தான். உங்களுக்குத் தெளிவாக எழுத வருகிற மொழியில் எழுதுங்கள், அது உங்கள் உரிமை.

தமிழில் எழுதும்போது ஒரு சின்ன விடயம்: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

"விரைவில் ஆவன செய்யப்படும்" என்ற வரியை விட்டுவிடலாம். யார் செய்வார், எந்தத் திகதிக்குள் என்று எழுத முடியவில்லை என்றால், எப்போது சொல்ல முடியும் என்பதையாவது எழுதுங்கள்.

கடைசியாக, வரவேண்டிய காசைக் கேட்கும் கடிதம். தெரிந்த ஆட்கள் என்பதால் மாதக்கணக்கில் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் கோபம் முழுவதையும் கொட்டி எழுதுகிறார்கள். காசும் வராது, உறவும் போய்விடும். தவணை தாண்டிய அடுத்த வாரமே இன்வொய்ஸ் இலக்கம், தொகை, கட்ட வேண்டியிருந்த திகதி, உங்கள் வங்கிக் கணக்கு விபரம் நான்கையும் போட்டு, "ஏற்கனவே அனுப்பியிருந்தால் வைப்புச் சிட்டையின் படத்தை அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். மறந்துபோனவருக்கு அந்த வரி வெட்கப்படாமல் கட்டிவிட வழிவிடுகிறது, இழுத்தடிக்கிறவர் ஏதாவது ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும்.